கேமிங் லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா? நாலாவது வருஷத்தை நினைத்து வாங்கு

தம்பி, உன் கேள்வியைப் படித்தேன். காரிமங்கலத்தில் வீடு. செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் ரெண்டாம் வருஷம், தினமும் பஸ்ஸில் போய் வருகிறாய். மாங்காய்ப் பணம் கைக்கு வந்ததும் 90 ஆயிரம் தருவதாக அப்பா சொல்லியிருக்கிறார். ஆடுவது வேலரன்ட், ஜிடிஏ 5. கூடவே பிளெண்டர் என்கிற 3டி படம் செய்யும் சாஃப்ட்வேரைக் கற்றுக்கொள்கிறாய். காலேஜ் நண்பர்கள் லேப்டாப் என்கிறார்கள், மாமா பையன் டெஸ்க்டாப் என்கிறான். யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருக்கிறாய்.

உன் நிலைமைக்கு டெஸ்க்டாப்தான். இதை வேகத்தை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. பதினாலு வருஷமாகத் தர்மபுரியில் சர்வீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், அதற்கு முன்பு ரெண்டு வருஷம் கிருஷ்ணகிரியில். வாங்குவதற்கு முன்னால் யோசனை கேட்டு வருபவர்கள் கொஞ்சம் பேர்தான். வாரண்டி முடிந்த பிறகு, மூணாவது நாலாவது வருஷத்தில் பையைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள்தான் அதிகம். அந்த நாலாவது வருஷத்தில் எந்த மிஷின் எந்த நிலையில் இருக்கிறது என்பதை நான் தினமும் கையில் பிடித்துப் பார்க்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

போன வருஷம் பர்கூர் பக்கமிருந்து ஒரு பையன் கேமிங் லேப்டாப் கொண்டுவந்தான். வாங்கி மூணரை வருஷம். கேம் திறந்து பத்து நிமிஷத்தில் எஃப்பிஎஸ் (ஒரு நொடிக்குத் திரையில் மாறும் படங்களின் எண்ணிக்கை) பாதியாக இறங்குகிறது, அரை மணி நேரத்தில் தானாகவே ஆஃப் ஆகிறது என்றான். அடி மூடியைக் கழற்றினேன். ஃபேன் காற்று வெளியே போகும் இடத்தில் சீப்புப் பல் மாதிரி மெல்லிய செம்புத் தகடுகள் வரிசையாக இருக்கும். அந்தத் தகடுகளுக்கும் ஃபேனுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு படலம். ட்வீசரால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன், கம்பளித் துண்டு மாதிரி முழுசாகக் கையோடு வந்தது. அவன் வீட்டுக்குப் பக்கத்தில் கிரானைட் பாலிஷ் போடும் பட்டறை இருக்கிறது. அந்த மாவுத் தூசியும் தலைமுடியும் மெத்தைப் பஞ்சும் சேர்ந்து படிந்த படலம் அது. பிராசஸர் மேல் தடவியிருந்த, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாகப் பொரிந்து கிடந்தது. சுத்தம் செய்து, புது பேஸ்ட் வைத்து ஓடவிட்டேன். 98 டிகிரியில் கொதித்துக்கொண்டிருந்தது 84-க்கு இறங்கியது. பையன் சந்தோஷமாகத்தான் போனான்.

மூணே மாசம். திரும்பக் கொண்டுவந்தான், லைட் எரிகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. இத்தனை நாள் வெந்ததில் கிராபிக்ஸ் பகுதி போய்விட்டது. லேப்டாப்பில் பிராசஸர், கிராபிக்ஸ் சிப், கிராபிக்ஸ் மெமரி மூன்றையும் மதர்போர்டிலேயே வைத்து ஈயம் பிடித்திருப்பார்கள். ஒன்று போனால் போர்டையே மாற்ற வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் போர்டுக்குச் சொன்ன தொகை, அவன் லேப்டாப் வாங்கிய விலையில் பாதிக்கு மேல். பெங்களூரில் சிப் லெவல் வேலை செய்யும் ஒருவரிடம் அனுப்பினோம். சிப்பைச் சூடாக்கி எடுத்து, மறுபடி ஈய உருண்டைகள் வைத்துப் பிடித்துக் கொடுத்தார். நாற்பது நாள் ஓடி மறுபடி நின்றது. கடைசியில் அந்த லேப்டாப்பிலிருந்து அவனுக்கு மிஞ்சியது ராமும் எஸ்எஸ்டியும்தான்.

இதே தூசி டெஸ்க்டாப்பிலும் படியும். ஆனால் கேபினெட்டின் பக்கவாட்டு மூடிக்கு ரெண்டே ஸ்க்ரூ. திறந்து, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, ப்ளோயரால் ஊதினால் பதினைந்து நிமிஷ வேலை. அதை நீயே செய்யலாம். அப்படியும் கிராபிக்ஸ் கார்டு போய்விட்டால் கார்டை மட்டும் கழற்றி வாரண்டிக்கு அனுப்புவோம். புது கிராபிக்ஸ் கார்டுக்கு நம் ஊரில் பெரும்பாலும் மூணு வருஷ வாரண்டி கிடைக்கிறது, லேப்டாப்புக்கு பெரும்பாலும் ஒரே வருஷம். கார்டு திரும்பி வரும்வரை பிராசஸரில் இருக்கும் கிராபிக்ஸை வைத்துப் படிப்பு வேலை ஓடும். அதற்காகத்தான் கிராபிக்ஸ் இல்லாத பிராசஸர் வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்கிறேன், இன்டெலில் எண்ணுக்குப் பின்னால் எஃப் என்று போட்டு வருவது அப்படிப்பட்டது. கொஞ்சம் பணம் மிச்சமாகும். ஆனால் கார்டு பழுதான அன்றைக்கு மொத்த மிஷினும் இருட்டாகிவிடும்.

அடுத்தது, பெயரைப் பார்த்து ஏமாறும் விஷயம். இதைப் பொறுமையாகப் படி. லேப்டாப்பில் ஒட்டியிருக்கும் 'ஆர்டிஎக்ஸ் 4070' ஸ்டிக்கரும் டெஸ்க்டாப் கார்டு பெட்டியில் இருக்கும் 'ஆர்டிஎக்ஸ் 4070'-உம் ஒரே பொருள் கிடையாது. டெஸ்க்டாப் 4070-இல் 5888 கூடா கோர் (கணக்குப் போடும் சின்னச் சின்ன அலகுகள்), 12 ஜிபி மெமரி, 200 வாட் வரை இழுக்கும். லேப்டாப் 4070-இல் 4608 கோர், 8 ஜிபி மெமரி. அடுத்து வந்த 50 வரிசையிலும் இதே கதைதான். டெஸ்க்டாப் 5070-க்கு 12 ஜிபி, லேப்டாப் 5070-க்கு 8 ஜிபி. அந்த லேப்டாப் 5070-க்குள் இருப்பது டெஸ்க்டாப்பில் 5060 டிஐ என்ற பெயரில் விற்கும் அதே ஜிபி206 சிப். உச்சியில் இருக்கும் 4090-இல் வித்தியாசம் இன்னும் பெரிது. டெஸ்க்டாப்பில் 16,384 கோர், லேப்டாப்பில் 9,728.

4060 மட்டும் கொஞ்சம் நியாயமானது. ரெண்டிலும் 3072 கோர், ரெண்டிலும் 8 ஜிபி. ஆனால் லேப்டாப்பில் அந்தச் சிப்புக்கு எத்தனை வாட் கொடுப்பது என்பதைக் கம்பெனிக்காரர்கள் முடிவு செய்கிறார்கள். 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்று அந்தச் சிப்பைச் செய்யும் என்விடியாவே இடம் கொடுத்திருக்கிறது. ஒரே 4060 ஸ்டிக்கர் ஒட்டிய ரெண்டு லேப்டாப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒல்லியாகவும் அழகாகவும் இருப்பதுதான் பெரும்பாலும் மெதுவாக ஓடும். இந்த வாட் கணக்கை டிஜிபி என்பார்கள். கடையில் கேட்டால் பல பேருக்குத் தெரியாது. கம்பெனியின் இணையப் பக்கத்தில் அந்த மாடலின் முழு விவரத்தைத் திறந்தால் கீழே எங்காவது போட்டிருப்பார்கள். போடாத மாடலை நான் யாருக்கும் சொல்வதில்லை.

இனி, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வளர்ப்பது. உன் வீட்டுக்கு இது ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறேன். மாந்தோப்பு வைத்திருக்கும் வீட்டில் பணம் வருஷத்துக்கு ஒருமுறைதான் மொத்தமாக வரும். லேப்டாப்பை ஒரே மூச்சில்தான் வாங்க முடியும். வாங்கிய அன்றே அது முடிந்த பொருள். பின்னால் மாற்ற முடிந்தது ராம், எஸ்எஸ்டி, பேட்டரி, அவ்வளவுதான். டெஸ்க்டாப்பை ரெண்டு மூணு சீசனாகப் பிரித்து வாங்கலாம்.

2017-இல் தர்மபுரியில் ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரருக்கு ரைசன் 5 1600, பி350 போர்டு, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு போட்டுக் கொடுத்தேன். 1050 டிஐ 75 வாட்டுக்குள் ஓடும் சின்னக் கார்டு, அன்றைக்கு அவரால் முடிந்தது அதுதான். 2022-இல் ரைசன் பிராசஸர் செய்யும் ஏஎம்டி கம்பெனி பழைய 300 வரிசை போர்டுகளிலும் ரைசன் 5000 பிராசஸர் ஓட வழி செய்தது. அவர் போர்டுக்கும் அதற்கான பயாஸ் (போர்டுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் வந்தது. அடுத்த வருஷம் அதைப் போட்டு, அதே போர்டில் ரைசன் 5 5600-ஐ வைத்தேன். கிராபிக்ஸ் கார்டை ஆர்எக்ஸ் 6600 ஆக்கினோம். கேபினெட், போர்டு, மானிட்டர், எஸ்எம்பிஎஸ் (மிஷினுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) எல்லாம் பழசு. பழைய பிராசஸரையும் கார்டையும் அவர் தம்பி மகனுக்குக் கொடுத்தார், அவன் அதில் படித்தான். அந்த போர்டு இன்றைக்கும் ஓடுகிறது. போர்டில் பிராசஸர் உட்காரும் இடத்தைச் சாக்கெட் என்பார்கள். ஏஎம்டியின் இப்போதைய ஏஎம்5 சாக்கெட் 2022-இல் வந்தது. 2027 வரைக்கும், அதற்குப் பிறகும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்டெல் பக்கம் இவ்வளவு காலம் ஒரே சாக்கெட் நிற்பதில்லை, அதனால் உனக்கு நான் ஏஎம்5 போர்டையே சொல்வேன்.

இந்த இடத்தில் ராம் விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை கண்டபடி ஏறிவிட்டது. உலகத்துக்கே ராம் சிப் செய்து கொடுப்பது பெரும்பாலும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூணு கம்பெனிகள். ஏஐ டேட்டா சென்டர்களுக்கே அவர்கள் உற்பத்தி போய்க்கொண்டிருக்கிறது. நம்மைப் போன்றவர்கள் வாங்கும் கிரூஷியல் ராம் வியாபாரத்தையே விட்டுவிடுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. அதனால் மானிட்டர், யூபிஎஸ், கீபோர்டு எல்லாம் சேர்த்தால் உன் 90 ஆயிரத்துக்குள் ஒரு நல்ல கேமிங் டெஸ்க்டாப்பை அடக்குவது முன்பு போல் சுலபம் இல்லை. லேப்டாப் விலையில் திரை, கீபோர்டு, பேட்டரி எல்லாம் அடக்கம் என்பது உண்மை. விலையை ஒப்பிடும்போது டெஸ்க்டாப் பக்கம் இவற்றையும் சேர்த்துத்தான் கூட்ட வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. இந்த சீசனில் ரைசன் 5 8600ஜி போட்டு மிஷினை எழுப்பு. அதற்குள்ளேயே ரேடியான் 760எம் கிராபிக்ஸ் இருக்கிறது. வேலரன்ட் இதில் நன்றாகவே ஓடும், ஜிடிஏ 5 செட்டிங்கைக் கொஞ்சம் குறைத்தால் ஓடும். இப்படி உள்கிராபிக்ஸில் ஆடும்போது ராம் ஸ்டிக் ரெண்டு இருந்தே ஆக வேண்டும். ஒரே 16 ஜிபி ஸ்டிக்கைப் போட்டால் வேகம் படுத்துவிடும், ரெண்டு 8 ஜிபியாக வாங்கு. அடுத்த சீசனில் கிராபிக்ஸ் கார்டு. பிளெண்டர் கற்றுக்கொள்வதால் என்விடியா கார்டாக எடு, அதில் ரெண்டரிங் நன்றாக வரும். மொத்தப் பணமும் முதலிலேயே கிடைத்துவிட்டால் கிராபிக்ஸ் கார்டுக்கு மூணில் ஒரு பங்கை ஒதுக்கு. கலர் கலராக லைட் எரியும் கேபினெட்டில் ஒரு ரூபாய் கூடப் போடாதே. முன்பக்கம் வலை வைத்த, காற்று புகும் கேபினெட் போதும். கண்ணாடி மூடிய முகப்பு நம் ஊர் ஏப்ரல் மே வெயிலுக்கு ஆகாது.

எஸ்எம்பிஎஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கேபினெட்டோடு இலவசமாக வரும் '450 வாட்' டப்பாவை நம்பாதே. கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும், உள்ளே ஒன்றும் இல்லாத கனம். அது வெடித்தால் தன்னோடு போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். 80 பிளஸ் ப்ரான்ஸ் (Bronze, கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான தரம்) சான்று உள்ள 550 வாட், பில்லோடு வாங்கு.

கரண்ட் விஷயத்தில் லேப்டாப்புக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. கரண்ட் போனாலும் அது அணையாது. பாதி எழுதிய அசைன்மென்ட் போகாது. அது பெரிய வசதிதான். ஆனால் பேட்டரியில் கேம் ஆட முடியும் என்று நினைக்காதே. பிளக்கைப் பிடுங்கிய நொடியில் கிராபிக்ஸ் சிப்புக்குப் போகும் வாட் வெகுவாகக் குறைந்துவிடும், ஆட்டம் திக்கித் திக்கி ஓடும், ஒரு மணி நேரம் தாங்கினாலே அதிகம். 100 வாட்-ஹவருக்கு மேற்பட்ட பேட்டரியை விமானத்தில் கொண்டுபோக விமானக் கம்பெனியின் அனுமதி வேண்டும் என்பதால், பெரும்பாலும் எந்தக் கம்பெனியும் அதற்கு மேல் வைப்பதில்லை. 100 வாட் இழுக்கும் சிப்புக்கு அது எத்தனை நேரம் வரும், நீயே கணக்குப் போட்டுப் பார்.

டெஸ்க்டாப்புக்கு யூபிஎஸ் வேண்டும். கடையில் சாதாரணமாகக் கொடுக்கும் 600 விஏ யூபிஎஸ் 360 வாட்தான் தாங்கும். உள்கிராபிக்ஸ் மிஷினுக்கு அது போதும். கார்டு போட்ட பிறகு கேம் நடுவில் கரண்ட் போனால் கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடலாம். ஆகவே முதலிலேயே 1000 விஏ பக்கம் போ. மின்கட்டணத்தையும் பார்த்துக்கொள். மானிட்டரோடு 300 வாட், தினம் நாலு மணி நேரம் ஆடினால் ரெண்டு மாசத்துக்கு 72 யூனிட். லேப்டாப் 150 வாட் என்றால் 36. குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம், அதற்கு மேல் கட்டணம் என்கிற நம் கணக்கில் இந்த வித்தியாசம் பில்லில் தெரியத்தான் செய்யும். அப்பாவிடம் இதை முன்பே சொல்லிவிடு.

வாங்குவதற்கு முன்னால் உன் ரூமில் எர்த்திங் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல். பழைய வீடுகளில் மூணு ஓட்டை பிளக் பாயின்ட் இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. அப்படிப்பட்ட வீட்டில் வெறுங்காலோடு நின்று கேபினெட்டின் பின்பக்கத்தைத் தொட்டால் விரல் நுனியில் சுருக்கென்று எறும்பு கடித்த மாதிரி இருக்கும். எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியைக் கேபினெட் தகரத்துக்குக் கொண்டுவந்துவிடும். மின்னோட்டம் ரொம்பச் சின்னது, ஆனாலும் இதை அப்படியே விடக்கூடாது. பென்னாகரத்தில் ஒரு வீட்டில் மூணு மாசத்தில் ரெண்டு யூஎஸ்பி போர்ட் போய்விட்டதென்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் எர்த்தே இல்லை. வெளியே ஒரு பைப் அடித்து, கரியும் உப்பும் போட்டு, ஒயர் இழுத்துக் கொடுத்தார்கள். அதோடு நின்றது.

லேப்டாப் வாங்கக்கூடாது என்று நான் சொல்லவே இல்லை. ஓசூரில் ரூம் எடுத்து ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர், வீடு மாறிக்கொண்டே இருப்பவர், ஹாஸ்டலில் ஒரு கட்டிலும் ஒரு பிளக் பாயின்ட்டும் மட்டும் உள்ளவர், இவர்களுக்கு லேப்டாப்தான் சரி. உனக்கே நாளைக்குப் பெங்களூரில் ஆறு மாசம் இன்டர்ன்ஷிப் வந்தால் நிலைமை மாறும். அப்படி வாங்கினால் டிஜிபி வாட்டைப் பார். ராமுக்கு ரெண்டு ஸ்லாட் இருக்கிறதா, ஒன்று காலியா என்று பார். கிராபிக்ஸ் சிப்பை நேரடியாகத் திரையோடு இணைக்கும் மக்ஸ் ஸ்விட்ச் உள்ளதாக எடு. எப்போதும் சார்ஜரில் கிடக்கும் என்றால் 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி அதன் சாஃப்ட்வேரில் வைத்துவிடு. இல்லையென்றால் பேட்டரி உப்பிவிடும். டச்பேட் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு, க்ளிக் விழ மாட்டேன் என்கிறது என்று கொண்டுவருகிற லேப்டாப் எல்லாம் அந்தக் கேஸ்தான். அந்த நிலைமையில் ஒரு நாள் கூட ஓட்டக்கூடாது. மெத்தை மேல் வைத்து ஆடவே ஆடாதே. காற்று இழுக்கும் ஓட்டை அடியில்தான் இருக்கிறது.

ஆனால் நீ தினமும் வீடு திரும்புகிறாய். காரிமங்கலம் பஸ்ஸில் காலையில் நின்றுகொண்டு வரும் கூட்டத்தில் ரெண்டரை கிலோ லேப்டாப்பையும், செங்கல் மாதிரி இருக்கும் அதன் அடாப்டரையும் முதுகில் போட்டுக்கொண்டு வரப்போவதில்லை. முதல் மாசம் கொண்டுவருவாய், அப்புறம் அது வீட்டு டேபிளிலேயே இருக்கும். டேபிளிலேயே இருக்கப்போகிற மிஷினுக்கு எடுத்துப் போகும் வசதிக்கான விலையை ஏன் கொடுக்க வேண்டும்? வகுப்புக்குக் கொண்டுபோக ஒன்று வேண்டும் என்றால், 2025-26 பட்ஜெட்டில் ரெண்டு வருஷத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக அரசு அறிவித்த திட்டம் இருக்கிறது. நீ அரசு கல்லூரி மாணவன், உன் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று ஆபீஸில் கேள். நோட்ஸ், பிரசன்டேஷன், கோடிங் எல்லாவற்றுக்கும் அது தாராளம். வீட்டுப் பணம் முழுவதையும் டெஸ்க்டாப்பில் போடலாம்.

வாங்குவதற்கு கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் பெங்களூர் எஸ்.பி. ரோடு போகலாம், மூணு மணி நேரத்துக்குள் பஸ் கொண்டுபோய் விட்டுவிடும். சேலத்திலும் கேட்டுப் பார். விலையை மட்டும் பார்த்து ஜிஎஸ்டி பில் இல்லாமல் எதையும் எடுக்காதே. ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் பில்லில் ஏறியிருக்க வேண்டும். ரெண்டு வருஷம் கழித்து வாரண்டிக்குப் போகும்போது அந்த ஒரு பேப்பர்தான் பேசும். கிரிப்டோ காயின் மைனிங்கில் ஓட்டிய பழைய கார்டை மலிவாகத் தருகிறோம் என்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடு. விண்டோஸ் 11 போட்டுக்கொள், விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு சப்போர்ட்டை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-இல் வேலரன்ட் ஓட பயாஸில் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற ரெண்டு பாதுகாப்பு வசதிகளும் ஆன் ஆகியிருக்க வேண்டும். கேம் திறக்காமல் எரர் வந்தால் பதறாமல் முதலில் அங்கே போய்ப் பார்.

அடுத்த சீசனில் கிராபிக்ஸ் கார்டு போட்ட அன்று ஒன்றை மட்டும் மறக்காதே. புதுக் கார்டு போட்டும் வேகமே இல்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்று கண் கலங்கி வந்த பசங்களை நான் பார்த்திருக்கிறேன். கேபினெட்டைத் திருப்பிப் பார்த்தால் மானிட்டர் ஒயர் மேலே, போர்டின் பழைய சாக்கெட்டிலேயே குத்தியிருக்கும். அதைப் பிடுங்கிக் கீழே, குறுக்காக வரிசையாக இருக்கும் கார்டின் சாக்கெட்டில் குத்து. பிறகு டிஸ்ப்ளே செட்டிங்கில் அட்வான்ஸ்டு என்பதைத் திறந்து பார். 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாறும்) மானிட்டர் வாங்கியும் அது 60-இலேயே நின்றுகொண்டிருக்கும். அதை 144 ஆக்கிவிட்டு மவுஸை வேகமாக ஒரு சுற்று சுற்றிப் பார், வித்தியாசம் அந்த நொடியே தெரியும்.